சர்க்கரை நோயாளிக்குக் கருப்புப் பூஞ்சை என்று ஐயம் வந்தால் முதலில் சிடியா, எம்ஆர்ஐயா?

மேலூர் மருத்துவர்:
சர்க்கரை கட்டுக்கடங்காமல் இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் ஏறிய நிலையில், ஒரு பக்கக் கன்னவலியும் இமை வீக்கமுமாக வரும் சர்க்கரை நோயாளியை நேரே மதுரைக்கு அனுப்பி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிடி சில நிமிடங்களில் முடிந்துவிடும். எலும்புச் சுவர் அரிக்கப்பட்டிருப்பதைத் தெளிவாகக் காட்டும். அறுவை செய்பவருக்கு வழிகாட்டுவதும் அந்தப் படம்தான். கீட்டோன் மிகுதியால் மேல்மூச்சு வாங்குகிறவரை எம்ஆர்ஐ குழாய்க்குள் அசையாமல் எப்படிப் படுக்க வைப்பது?

வைகைக்கரைக் கதிரியல் மருத்துவர்:
நேற்று எழுதியவன் நான்தான். எலும்பு அரிப்பு பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரியும். இந்தப் பூஞ்சை இரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துத் திசுவைச் சாகடிப்பது. எலும்பை உடைக்காமலே குழாய்களையும் நரம்புகளையும் பற்றிக்கொண்டு கண்குழிக்குள் போய்விடும். அந்த நேரத்தில் எடுத்த சிடியில் சாதாரணச் சளித்தொல்லையில் காண்பதைப் போன்ற சவ்வுத் தடிப்பு மட்டுமே இருக்கலாம். காண்ட்ராஸ்ட் (படத்தில் திசுக்களை வேறுபடுத்திக் காட்டும் மருந்து) செலுத்திய எம்ஆர்ஐயிலோ, உயிருள்ள மூக்குச் சவ்வு வெண்மையாக ஒளிரும், இரத்தம் போகாத பகுதி கறுத்தே நிற்கும். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, ‘சைனஸ் அழற்சி’ என்ற சிடி அறிக்கையை நம்பி வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவர் மூன்றாம் நாள் கண்ணை அசைக்க முடியாமல் என்னிடம் வந்தார். எம்ஆர்ஐயில் நோய் கண்குழியின் முனையைக் கடந்து மூளையின் அடியிலுள்ள கேவர்னஸ் சைனஸ் என்னும் இரத்தநாள அறை வரை போயிருந்தது. அந்தப் படத்தை என்னால் மறக்க இயலவில்லை.

மேலூர் மருத்துவர்:
வருந்துகிறேன். ஆனால் இவர்களில் பலருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்திருக்கும். எம்ஆர்ஐக்கான காண்ட்ராஸ்ட் மருந்தான கெடோலினியத்தைக் கொடுக்கத் துணிவீர்களா?

வைகைக்கரைக் கதிரியல் மருத்துவர்:
சிறுநீரகம் நலிந்தவர்களுக்குத் தோலை இறுக வைக்கும் அந்தப் பின்விளைவு பெரும்பாலும் பழைய வகைக் கெடோலினிய மருந்துகளால் வந்தது. இப்போதுள்ள வளைய அமைப்பு மருந்துகளில் மிக அரிது. காண்ட்ராஸ்ட் இல்லாமலும் திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ படத்தில் பார்வை நரம்பு இரத்தமின்றித் தவிப்பது தெரியக்கூடும். சிடியையும் நான் ஒதுக்கவில்லை. மேல்தாடை சைனஸுக்கு வெளியே உள்ள கொழுப்பு கலங்கியிருக்கிறதா என்று தேடிப் பார்த்தால், அதுவே முன்னதாக எச்சரிக்கும்.

திருமங்கலம் காது மூக்கு தொண்டை மருத்துவர்:
இருவரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எண்டோஸ்கோப்பியில் மூக்கைப் பார்த்து, கறுத்த இடத்திலிருந்து சிறிது திசு எடுத்து, கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல் இட்டு நுண்ணோக்கியில் வைத்தால், தடுப்புச் சுவர் அரிதாகவே உள்ள அகன்ற நாடா போன்ற பூஞ்சை இழைகள் அன்றே தெரிந்துவிடும். ஐயம் வலுவாக இருந்தால் ஆம்போடெரிசின்-பி என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்தை எந்த ஸ்கேனுக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. நோய் எதுவரை போயிருக்கிறது, எதுவரை வெட்டி நீக்க வேண்டும் என்று அறியத்தான் எனக்குப் படம் வேண்டும். மூளைப் பக்கம் ஐயம் இருந்தால் எம்ஆர்ஐ இல்லாமல் கத்தியை எடுக்க மாட்டேன்.

மேலூர் மருத்துவர்:
இரவு இரண்டு மணிக்கு என் கைக்கு எட்டுவது சிடிதான். அதை முதலில் எடுப்பதை நான் விடப்போவதில்லை. ஆனால் ‘சவ்வுத் தடிப்பு மட்டும்’ என்று அறிக்கை வந்தாலும், இமை வீங்கிய சர்க்கரை நோயாளியை மூக்கைப் பார்க்காமல் இனி வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். மருந்தைத் தொடங்கிய நேரத்தைப் பரிந்துரைச் சீட்டில் எழுதியே மதுரைக்கு அனுப்புவேன்.