ஹோம்ஸ்டே: ஊர் தாங்குமா, கிணறு தாங்குமா?

கூரைநிழல்:
சுற்றுலா வருமானத்தில் கிராமத்துக்குள்ளேயே மிஞ்சுவது ஹோம்ஸ்டே, அதாவது குடியிருக்கும் வீட்டிலேயே விருந்தினருக்கு அறை வாடகைக்கு விடும் பணம்தான் என்பது என் கட்சி. புது நிலம் வேண்டாம், இருக்கிற வீட்டில் ஒன்றிரண்டு அறை போதும். லடாக்கில் ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பக் கிராமத்தில் வீடுகள் முறை வைத்து விருந்தினரை ஏற்கின்றன. பனிச்சிறுத்தை ஆடுகளை அடித்துப்போட்டாலும், அதைப் பார்க்க வருகிறவர்களால் வீட்டுக்கு வருமானம் வருகிறது. எதிர்ப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மேட்டுக்கிணறு:
காரணம் தண்ணீர். வீட்டுக்கு வீடு குழாய்நீர் தரும் ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைக்கிறது. ஷவரில் நிமிஷத்துக்கு 8 முதல் 10 லிட்டர் போகும். பத்து நிமிஷக் குளியலிலேயே ஒரு ஆளின் ஒன்றரை நாள் தண்ணீர் காலி. விரிப்பு, துண்டு துவைப்பது தனி. அதுவும் விடுமுறைக் கூட்டம் கிணறு அடிமட்டத்தில் கிடக்கும் கோடையில்தான் வரும்.

அடுத்தது செப்டிக் டேங்க். ஐந்து பேருக்குக் கட்டியதில் ஒன்பது பேர் புழங்கினால் கழிவு தங்கும் நேரம் பாதியாகிவிடும். குறைந்தது ஒரு நாளாவது தங்கினால்தான் கசடு அடியில் படியும். படியாத கசடு, தொட்டி நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைக்கும். வாசல் ஈரமாகி நாற்றம் வரும்போதுதான் வீட்டுக்காரருக்கே தெரியும். ‘பளிச்சென்று’ இருக்கட்டும் என்று தினமும் பிளீச்சிங் ஊற்றுகிறார்களே, அது தொட்டியில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

கூரைநிழல்:
எல்லாம் சரிசெய்யக்கூடியவைதானே. ஷவரைக் கழற்றிவிட்டு வாளியும் குவளையும் வையுங்கள், 20 லிட்டரில் குளியல் முடியும். விரிப்பை ஆள் மாறும்போது மட்டும் மாற்றலாம். குளியல் நீரைத் தொட்டிக்கு விடாமல் தனிக் குழாயில் மரத்தடிக்குத் திருப்பினால் தொட்டியின் பாரம் பெருமளவு குறையும். கசடு மூன்றில் ஒரு பங்கு ஆழத்தை எட்டியதும் லாரி வைத்து எடுத்துவிட வேண்டும். உறிஞ்சுகுழி கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில், 30 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

மேட்டுக்கிணறு:
வீட்டு மனையே 30 மீட்டர் நீளம் இல்லாத தெருவில் எங்கே தள்ளுவது?

வரவுசெலவு:
இரண்டு பேரும் குழாயடியிலேயே நிற்கிறீர்கள். பல வீடுகளில் ஹோம்ஸ்டே படுப்பது கடனால். ஓர் அறையைத் தயார்செய்ய ஆன செலவு 300 இரவு வாடகைக்குச் சமம் என்று வையுங்கள். நூறு வாடகை வந்தால் புக்கிங் தளம் 15 பிடிக்கிறது. சாப்பாடு, சோப்பு, மின்சாரம், துவைப்பு என்று 35 போகிறது. மிச்சம் 50. ஆக போட்ட முதல் திரும்ப 600 இரவு ஓட வேண்டும். வருஷத்துக்கு 60 இரவு ஆள் வந்தால் பத்து வருஷம், அதற்குள் மெத்தையும் ஹீட்டரும் போய்விடும். இதில் வட்டியும் சேரவில்லை, சமைத்துக் கூட்டித் துடைக்கும் வீட்டம்மாவின் கூலியும் சேரவில்லை.

கூரைநிழல்:
அதனால்தான் கடன் வாங்காமல் ஓர் அறையோடு தொடங்கச் சொல்கிறோம். முறை வைத்துச் சுற்றினால் எல்லா வீட்டுக்கும் பங்கு கிடைக்கும்.

வரவுசெலவு:
முறையும் கடனும் ஒத்துப்போகாது ஐயா. ஊருக்கு வருஷத்துக்கு 600 அறை-இரவு வருகிறது, அறைக்கு 60 தேவை என்றால் பத்து அறைதான் பிழைக்கும். முப்பது அறையில் பங்குபோட்டால் அறைக்கு 20 இரவு, ஒருவருக்கும் கட்டுப்படியாகாது.

முறையை எண்ணுவதிலும் தப்பு நடக்கிறது. புக்கிங் எண்ணிக்கையை வைத்துச் சுற்றினால் ஒரு வீட்டுக்கு நாலு பேர் மூன்று இரவு, அடுத்த வீட்டுக்கு ஒருவர் ஓர் இரவு. இரண்டும் ‘ஒரு முறை’யா? விருந்தினர்-இரவைத்தான் எண்ண வேண்டும், முதல் வீட்டுக்கு 12, அடுத்ததற்கு 1. பழகிய வீட்டையே கேட்டு வருகிறவர்களைத் தடுக்காதீர்கள், அந்த இரவுகளை அந்த வீட்டின் கணக்கில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் சாலையோர வீடு நேரடியாக ஆள்பிடிக்கத் தொடங்கும், ஒரு சீசனில் முறை உடையும்.

மேட்டுக்கிணறு:
பத்து அறை என்பது வருமானக் கணக்கு. கிணற்றுக் கணக்கு ஆறு என்று சொன்னால்?

வரவுசெலவு:
ஆறுதான், சின்ன எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அதை அளக்கலாம். வட்டக் கிணறு 3 மீட்டர் விட்டம் என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் சுமார் 7,000 லிட்டர். கடும்கோடையில் ஒரு மீட்டர் இறைத்துவிட்டு, மட்டம் பழையபடி ஏற எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். 24 மணி என்றால் நாளுக்கு 7,000 லிட்டர்தான் ஊற்று. அதில் ஊராருக்கும் மாடுகளுக்கும் போக மிஞ்சியதை விருந்தினருக்கு ஆளுக்கு 100 லிட்டர் என்று வகுங்கள்.

கூரைநிழல்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆறு அறை யாருடையது என்பதும் முக்கியம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வகைப்பாட்டில் உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு அறைகள் ஒன்றிலிருந்து ஆறு வரைதான்.

மேட்டுக்கிணறு:
வெளியூர்க்காரர் வீட்டை வாங்கி, காவலாளி ஒருவரைக் குடிவைத்து ‘ஹோம்ஸ்டே’ பலகை மாட்டினால், பக்கத்தில் போர்வெல் போட்டால், அந்தத் தண்ணீர் உங்கள் ஆறு அறைக் கணக்கில் எங்கே வருகிறது?