தோட்டக் கடிதங்களை வைத்து எட்டாம் வகுப்புக்கு வரலாறு: எங்கே தொடங்கலாம்?

சைதை டீச்சர்:
எட்டாம் வகுப்பு, 36 பிள்ளைகள், 40 நிமிடப் பீரியட். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்துத் தோட்டக் கடிதங்கள், செடிப் படங்கள் இவற்றைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துப் படிக்க வைக்க வேண்டும். எந்த ஆவணத்தில் தொடங்கலாம், எவ்வளவு கொடுக்கலாம்?

வேர்க்கால்:
உங்கள் சைதாப்பேட்டையிலேயே தொடங்கலாம் டீச்சர். கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786இல் சென்னையில் ஒரு பூச்சியைப் பார்த்து, சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் என்று நம்பி லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினார். கொச்சினீல் பூச்சிக்குச் சப்பாத்திக்கள்ளிதான் தீனி. பிறகு சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்கள். கடிதங்கள் 1788இல் இங்கேயே அச்சாயின. ஆனால் அவர் முதலில் பார்த்தது கொச்சினீலே இல்லை. நேரில் பார்த்தவர் எழுதியதும் தப்பாகலாம் என்பதைப் பிள்ளைகள் தாங்களே பிடிக்க இது அருமையான ஆவணம்.

பத்து வரி போதும். ஏ3 தாளில் பெரிதாக நகலெடுத்து நான்கு பேருக்கு ஒன்று, ஆக ஒன்பது தாள். கண்ணால் கண்டதற்கு நேர்கோடு, ஊகத்துக்கு நெளிகோடு, பென்சிலில். முதல் 10 நிமிடம் நீங்கள் வாயே திறக்கக்கூடாது. பின்னணியை முன்னாலேயே சொல்லிவிட்டால் நீங்கள் சொன்னதை மட்டும்தான் தேடுவார்கள். பூச்சி வேறு என்ற விஷயம் கடைசி 10 நிமிடத்துக்கு.

அக்கால அச்சில் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் ‘எஸ்’, ‘எஃப்’ போலவே இருக்கும். ‘சீட்’ என்பதை ‘ஃபீட்’ என்று படித்து விதையைத் தீவனமாக்கிவிடுவார்கள். இதை மட்டும் முதலிலேயே பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

மனைக்கணக்கு:
அளவுகளையும் விடாதீர்கள். 1 காணி 24 மனை, அதாவது 57,600 சதுர அடி, சுமார் 1.32 ஏக்கர். மைதானத்தில் ஒரு மனை அளவுக்கு, 60க்கு 40 அடி கயிறு கட்டி நிற்க வையுங்கள். வீட்டில் பேசும் ‘ஒரு கிரவுண்டு’ அதுதான் என்று உடனே புரியும். பணம் வராகனில் இருந்தால் 1 வராகன் மூன்றரை ரூபாய். அதை இன்றைய விலைக்கு மாற்றச் சொல்லாதீர்கள், அபத்தமான விடை வரும். அதே பக்கத்தில் உள்ள கூலியோடு ஒப்பிடுவதே சரி.

சைதை டீச்சர்:
நன்றி. தமிழ்வழிப் பிள்ளைகள், ஆங்கிலத்தில் திணறுவார்களே?

வேர்க்கால்:
மூலத்துக்குக் கீழே தமிழாக்கம் கொடுங்கள், மூலத்தை எடுத்துவிடாதீர்கள். தேதி, ஊர்ப்பெயர், எண்ணிக்கையைத் தமிழாக்கத்தில் காலியாக விட்டால் மூலத்தில் தேடித்தான் ஆக வேண்டும்.

ஏட்டுச்சுவடி:
அடுத்த பீரியடுக்குக் கம்பெனி மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட்டின் செடிப்பட நூல் (1838–1853). பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்தில் இலவசம். நூலின் பெயர் வைட்டுடையது; வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் ஓவியர்கள். படத்தின் அடி ஓரத்தைப் பெரிதாக்கி யார் பெயர் பொறித்திருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். பிறகு ஒரே கேள்வி: இந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர் பெயர் எங்கே?