மாடி போர்ஷனில் நாட்டு நாய்க்குட்டி: ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது? மொசைக் தரையை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி
வேலூர் சத்துவாச்சாரியில் முதல் மாடி போர்ஷன், ஓனர் கீழ் வீட்டில். மொசைக் தரை. மூன்று மாத நாட்டு நாய்க்குட்டி வரப்போகிறது. "வளத்துக்கோங்க, வீடு மட்டும் நாறக் கூடாது" என்று ஓனர் வாயால் சொல்லியிருக்கிறார். இந்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கிறோம். என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில் 1
வாய்ப்பேச்சு பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்லும் வரைக்கும்தான். ஒப்பந்தத்தில் இப்படி எழுதுங்கள்: "ஒரு நாய் வளர்க்க உரிமையாளர் சம்மதிக்கிறார். நாயால் கதவு, தரை, கொசுவலைக்கு வரும் சேதத்தை வாடகைதாரர் சரிசெய்து தருவார். சாதாரணத் தேய்மானம் இதில் சேராது." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் காலி செய்யும்போது வீடு முழுக்க பெயின்ட் அடிக்கிற செலவு நாய் தலையில் விழும், அட்வான்ஸில் கழியும். குட்டி வருமுன் கதவின் கீழ்ப்பகுதி, தரை, ஜன்னல் வலையை போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், தேதியோடு பதிவாகிவிடும். 2017 வாடகைச் சட்டப்படி 11 மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

பதில் 2
மொசைக்குக்கு முதல் எதிரி மூத்திரம் இல்லை, அதைத் துடைக்க ஊற்றும் ஆசிட். மொசைக்கில் இருப்பது சிமென்ட்டும் மார்பிள் சில்லும். ஆசிட், வினிகர், எலுமிச்சை எது பட்டாலும் பாலிஷ் அரித்துப் போகும். அப்புறம் தரையே மூத்திரத்தைக் குடிக்கும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், மூத்திரத்தோடு சேர்ந்தால் மூச்சடைக்கிற வாயு வரும். ஃபினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். குட்டி மோப்பம் பிடித்து அதே இடத்துக்கே வரும்.

பழைய துணியை வைத்து அழுத்தி ஒற்றி எடுங்கள், தேய்த்துப் பரப்பாதீர்கள். வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்து, என்சைம் கிளீனரை (மூத்திர வாடையை நொதியால் சிதைக்கும் திரவம்) தாராளமாகத் தெளித்து 15 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். உடனே துடைத்தால் அது வேலை செய்யாது. ஃபினாயில் போட்ட தரையிலும் சரியாக வேலை செய்யாது.

இந்த வயதில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே விட வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி நேரத்திலும் கட்டாயம்.

பதில் 3
ஓனர்கள் நாயை வெறுப்பது பெரும்பாலும் உண்ணியால். சுவரில் உண்ணி ஏறுவதைக் கீழ் வீட்டம்மா ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். ரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, கதவு நிலைச் சந்து, சுவர் விரிசல், சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால்தான் நாயை மட்டும் குளிப்பாட்டினால் தீராது. நாய்க்கு உண்ணியைக் கொல்லும் ஃப்ளூரலேனர் மாத்திரை; ஒன்று 12 வாரம் தாங்கும். வயது, எடை பார்த்துக் கால்நடை மருத்துவர்தான் தர வேண்டும். அதே நாளில் சந்துகளில் மருந்து அடியுங்கள், காயும்வரை குட்டி உள்ளே வரக் கூடாது. மருந்துக்கு முட்டை சாகாது. இரண்டு வாரம் விட்டு மறுபடி அடிக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்து கூடவே கூடாது, பூனையின் உயிருக்கே ஆபத்து.

கேள்வி கேட்டவர்
நன்றி. பகலில் மொட்டை மாடியில் கட்டலாமா?

பதில் 2
நம்ம ஊர் சித்திரை வெயிலிலா? புறங்கையைத் தளத்தில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் வெந்துவிடும். இரவிலும் வேண்டாம். தெருநாய் குரைக்க இது பதில் கொடுக்கும், விடிந்ததும் ஓனர் படியேறி வருவார்.