ஸ்டியரிங் லெதர் தேய்ந்துவிட்டது: கலர் அடிப்பதா, புதுத் தோல் தைப்பதா?

காந்திபுரம்காரன்:
செகண்ட் ஹேண்டில் ஒரு 2014 மாடல் செடான் வாங்கியிருக்கிறேன். 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஸ்டியரிங்கைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை. கறுப்பு லெதர் சுற்றியது. முழு வட்டமும் பளபளவென்று வழுக்குகிறது. வலது பக்கம், ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரையிலான இடத்தில் மட்டும் கறுப்பு போய்ச் சாம்பலாகச் சொரசொரக்கிறது. தையல் எங்கும் விடவில்லை. அக்சசரீஸ் கடையில் கவர் போடச் சொல்கிறார்கள். டீட்டெயிலிங் கடையில் கலர் அடித்துத் தருகிறோம் என்கிறார்கள். சீட் கவர் தைப்பவர், பழசை உரித்துப் புதுத் தோல் தைக்க 2,800 ரூபாய் கேட்கிறார். எதைச் செய்யலாம்?

பொள்ளாச்சி_பாண்டி:
மூன்றும் வேண்டாம். ஷாம்பு தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி விடுங்கள். காலையில் காய்ந்த துணியால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். எங்கள் தாத்தா தோல் செருப்புக்கு விளக்கெண்ணெய் போட்டே வருஷக்கணக்கில் ஓட்டினார். செருப்பானால் என்ன, ஸ்டியரிங்கானால் என்ன, எல்லாம் தோல்தானே.

ஆம்பூர்_பட்டறை:
பாண்டி அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், இது சரிவராது. தோல் ஃபினிஷிங் வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

உங்கள் தாத்தா செருப்பு பெரும்பாலும் ஆவாரம்பட்டை மாதிரி பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலாக இருந்திருக்கும். மேலே பூச்சு கிடையாது. எண்ணெயைக் குடிக்கும், இளகும். காருக்கு வருவது பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்ட தோல். அதன்மேல் நிறப்பூச்சு, அதற்கும் மேலே பாலியூரித்தேன் டாப் கோட். நம் கை படுவது தோலில் அல்ல, அந்தக் கோட்டில். அது நன்றாக இருக்கும் இடத்தில் எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும், கையும் வழுக்கும். கோட் போன இடத்தில் நேராக நாருக்குள் இறங்கிவிடும். அப்புறம் என்ன கலர் அடித்தாலும் அங்கே ஒட்டாது.

காந்திபுரம் தம்பி, புது ஸ்டியரிங் லெதர் பொதுவாகப் பளபளக்காது, மங்கலாகத்தான் இருக்கும். நீங்கள் சொல்லும் பளபளப்பு கை வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் சேர்ந்து படிந்தது. அதைக் கழுவாமல் கலரா தோலா என்று பேசுவதே வீண். காரம் இல்லாத லெதர் கிளீனர் வாங்குங்கள். ஸ்டியரிங்மேல் நேராக ஊற்றாமல், மென்மையான பிரஷில் எடுத்து நுரை வரும்படி ஒரு சாண் அளவுக்குத் தேயுங்கள். நுரை பழுப்பாகும். அது காய்வதற்குள் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த சாணுக்குப் போங்கள். தையல் ஓரத்தில்தான் அழுக்கு கெட்டியாக இருக்கும், அங்கே மட்டும் பழைய டூத் பிரஷ். துணியில் பழுப்பு நின்று கறுப்பாகவே வர ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். அழுக்கு தீர்ந்து கலர் கரைகிறது என்று அர்த்தம்.

பாத்திர சோப்பு, சமையல் சோடா, மேஜிக் ஸ்பாஞ்ச் மூன்றையும் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். அந்த ஸ்பாஞ்ச் தொட்டால் மென்மையாக இருக்கும், ஆனால் செய்யும் வேலை உப்புத்தாள் வேலை.

கால்டாக்சி_கதிர்:
நாள் பூராவும் ஸ்டியரிங் பிடிக்கிறவன் சொல்கிறேன். 2020-ல் சவாரிக்குச் சவாரி சானிடைசர் போட்டுக் கை காய்வதற்குள் ஸ்டியரிங்கைப் பிடித்த எல்லா வண்டியிலும் இந்தக் கதைதான். வலது பக்கம் மட்டும் தேய்வதும் சகஜம். இடது கை பாதி நேரம் கியரில் இருக்கும், வலது கை ஸ்டியரிங்கை விடாது. போதாததற்கு வலது ஜன்னல் வெயில்.

ஆனால் இதற்குப் போய் இவ்வளவு செலவு எதற்கு? ஒரு நல்ல கவர் போட்டால் விஷயம் முடிந்தது.

திருச்சி_தையல்:
கவர் வேண்டாம் கதிர். இறுக்கமில்லாத கவர் யூ டர்ன் எடுக்கும்போது ஸ்டியரிங்மேல் தனியாகச் சுற்றும். அந்த நேரத்தில் எதிரே லாரி வந்தால் தெரியும்.

கலர் கட்சிக்கு என் எதிர்ப்பு வேறு. சீட்டுக்குக் கலர் அடித்தால் நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். ஸ்டியரிங் அப்படியா? உள்ளங்கை வியர்வை, மோதிரம், நகம், தினமும் உரசல். நம் ஊரில் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கைபடும் பாகங்கள் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். அடித்த கலர் முதலில் போவது தேய்ந்த அதே இடத்தில்தான். வெள்ளைச் சட்டைக்காரர் என்றால் கையில் ஒட்டிய கறுப்பு சட்டைக்கும் வரும். ஒரு தடவை தோல் மாற்றிவிட்டால் வருஷக்கணக்கில் கவலையில்லை.

ஆம்பூர்_பட்டறை:
கையில் ஒட்டுவது ஷூ பாலிஷ் போட்ட ஸ்டியரிங். சில கடைகள் அதைத் தடவிவிட்டுத்தான் 'ரெஸ்டோர்' என்று காசு வாங்குகின்றன. பாலிஷ் மெழுகு, வியர்வை பட்டால் வந்துவிடும். ஒழுங்காகச் செய்தால் கதை வேறு.

முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பசையை முழுசாக எடுக்க வேண்டும். தினமும் ஆல்கஹால் பட்டால் கெடுதல்தான், கலருக்கு முன்னால் ஒரு தடவை அது அவசியம். சொரசொரப்பான இடத்தில் 1000 நம்பர் வாட்டர் பேப்பரை அழுத்தாமல் ஓட்டி, எழும்பி நிற்கும் நாரைப் படிய வைக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் லெதர் ஃபில்லர். பிறகு தண்ணீரில் கரையும் லெதர் கலரை ஸ்பாஞ்சில் தொட்டு மெல்லிசாக, ஒரு கோட் காய்ந்த பிறகு அடுத்தது. கடைசியில் மேட் டாப் கோட், அதில் கிராஸ்லிங்கர் (பூச்சை இறுக்கிக் கெட்டியாக்கும் திரவம்) கலந்து. உழைப்பதற்குக் காரணமே இந்தக் கடைசி வேலைதான், கடைக்காரர்கள் விடுவதும் இதைத்தான். ஒரே கோட்டில் தடிமனாக அடித்தால் வெடித்து உரியும். சுற்றளவில் கால்வாசிகூடத் தேயவில்லை, தையல் விடவில்லை. இதற்குப் போய் முழுத் தோலை உரிப்பானேன்?

தைப்பதற்குக் கேட்ட 2,800-க்கு என்ன தோல் வரும் என்றும் கேளுங்கள். பல இடங்களில் ரெக்சினைக் காட்டி 'ஜென்யூன் லெதர்' என்பார்கள். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோல் என்றால் உள்பக்கம் நார் நாராக இருக்கும், ரெக்சின் என்றால் துணி தெரியும். தடிமனான தோலைக் கொண்டுவந்தால் ஸ்போக் (வட்டத்தை நடுப்பகுதியோடு இணைக்கும் கை) சேரும் இடத்தில் சுருக்கம் நிச்சயம்.

திருச்சி_தையல்:
கெட்ட கடையைக் காட்டி நல்ல வேலையை மட்டம் தட்டாதீர்கள் சார். அதே தராசில் வைத்தால் கிராஸ்லிங்கர் கலந்து கலர் அடிக்கிற கடை கோவையில் எத்தனை என்று நானும் கேட்கலாம். பழைய தோலைப் பிரித்து, அதையே பேட்டர்னாக வைத்து வெட்டி, மெழுகு நூலில் கையால் தைத்தால் சுருக்கமே வராது. ஒன்று மட்டும் நீங்கள் சொல்வது சரி, பிட் தோலைத் தொட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

ஏர்பேக்_எழிலன்:
இரண்டு பேரும் சண்டையை முடித்த பிறகு ஒரு விஷயம். தைப்பவர் ஸ்டியரிங்கைக் கழற்றப் போகிறாரா? நடுவில் ஏர்பேக் இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல்தான் ஓட்டுநர் ஏர்பேக் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயம் என்றாலும், 2014 செடான்கள் பலவற்றில் அது உண்டு. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்காமல் யாரும் அதைத் தொடக் கூடாது. பின்னால் கிளாக் ஸ்பிரிங் என்று ஒரு சுருள் கேபிள் இருக்கும். ஸ்டியரிங்கைக் கழற்றி வைத்திருக்கும்போது யாராவது அதை விளையாட்டாகச் சுற்றிவிட்டால் அறுந்துவிடும். ஹாரன் அடிக்காது, ஏர்பேக் விளக்கு அணையாது. சீட் கவர் கடையில் இதெல்லாம் தெரிந்த ஆள் இல்லையென்றால், வண்டியில் வைத்தே தைக்கச் சொல்லுங்கள்.

காந்திபுரம்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று கிளீனர் போட்டுத் தேய்த்தேன். நுரை டீ நிறத்தில் வந்தது. தையல் நூல் கறுப்பு என்று நினைத்திருந்தேன், கழுவியதும் அடர்த்தியான சாம்பல் நிறம் என்று தெரிகிறது! பளபளப்பு முக்கால்வாசி போய் இப்போது கை வழுக்கவில்லை. ஒன்று முதல் மூன்று வரை சாம்பல் திட்டு அப்படியே இருக்கிறது, தொட்டால் நார் தட்டுப்படுகிறது. அந்த இடத்துக்கு மட்டும் கலரும் டாப் கோட்டும் வாங்கி நானே அடித்துப் பார்க்கப்போகிறேன். மற்ற இடத்தோடு நிறம் சேருமா?

ஆம்பூர்_பட்டறை:
கறுப்பிலும் சாயல் வேறுபடும். ஸ்போக்குக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டுப் பாருங்கள். திட்டில் மட்டும் அடித்து நிறுத்தினால் கோடு தெரியும். ஓரத்தை ஈர ஸ்பாஞ்சால் இழுத்து மங்கலாக்கி, அடுத்த தையல் இணைப்பு வரை கொண்டுபோங்கள். டாப் கோட் மட்டும் முழு வட்டத்துக்கும். அப்புறம் இரண்டு நாள் வண்டியை எடுக்காதீர்கள்.

பொள்ளாச்சி_பாண்டி:
இரண்டு நாள் வண்டி எடுக்காமல் பஸ்ஸில் போவதற்கு எண்ணெயே தேவலை.

திருச்சி_தையல்:
அடித்து முடித்ததும் ஒரு படம் போடுங்கள் தம்பி. சித்திரை தாண்டிய பிறகு அதே இடத்தில் இன்னொரு படம். 2,800 ரூபாய்ப் பேச்சை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்.