மருந்து ஐந்துதான், சிரமத்தை எப்படி அளப்பது?

கேள்வி – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்
வணக்கம். என் பெற்றோர் இருவருக்கும் ஆளுக்கு ஐந்து மருந்துகள். அம்மாவுக்கு ஐந்தும் தினம் ஒருமுறை உட்கொள்ளும் மாத்திரைகள். சீட்டில் நேரம் குறிப்பிடாததால் ஒரே வேளையில் விழுங்கிவிடுகிறார். அப்பாவுக்கோ நீரிழிவுக்கு இருவேளை உணவோடு மெட்ஃபார்மின் மாத்திரை, இரத்த அழுத்தத்திற்குத் தினம் ஒரு லோசார்டன் மாத்திரை, கொழுப்புக்கு இரவில் சிம்வாஸ்டாட்டின் மாத்திரை, நாளுக்கு இருமுறை இரண்டிரண்டு அழுத்தல்களாக இன்ஹேலர், இரவில் கண் சொட்டு மருந்து. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) "ஐந்து மருந்து" என்று மட்டும் சொன்னால் இருவர் நிலையும் ஒன்றாகிவிடுகிறது. அப்பா படும் சிரமத்தை எண்ணால் காட்ட வழி உண்டா?

பதில் – ஓய்வுபெற்ற மருந்தாளர்
உண்டு, அம்மா. 2004இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட எம்ஆர்சிஐ (MRCI) என்னும், மருந்து உட்கொள்ளும் முறை எவ்வளவு சிக்கலானது என்று அளக்கும் குறியீட்டில் 65 கூறுகள் மூன்று பிரிவுகளாக உள்ளன: மருந்தின் வடிவம், எத்தனை வேளை, கூடுதல் அறிவுறுத்தல். மாத்திரை வடிவத்திற்கு, எத்தனை மாத்திரைகள் இருந்தாலும், ஒரே ஒரு புள்ளி. கண் சொட்டுக்கு 3. அழுத்தி உறிஞ்சும் இன்ஹேலருக்கு 4. வேளைக் கணக்கில் ஒவ்வொரு மருந்துக்கும் தினம் ஒருமுறை என்றால் 1, இருமுறை என்றால் 2. அதன்படி உங்கள் அம்மாவுக்கு வடிவத்தில் 1, வேளைக் கணக்கில் 5, ஆக 6 வருகிறது. அப்பாவுக்கு வடிவத்தில் 8, வேளைக் கணக்கில் 7, உணவோடு, இரவில், இரண்டு அழுத்தல் போன்ற குறிப்புகளுக்கு 4, ஆக மொத்தம் 19. இந்தப் பத்தொன்பதில் 12 புள்ளிகள் இன்ஹேலரும் கண் சொட்டும் கொண்டுவந்தவை. நாளுக்கு ஒருமுறை எடுக்கும் மெட்ஃபார்மினுக்கு மருத்துவர் மாற்றினாலும் குறைவது ஒரு புள்ளியே. ஆகவே மாத்திரைகளைக் குறைக்கக் கேட்பதைவிட, அப்பா இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறையை மருந்தாளர் முன்னிலையில் செய்துகாட்டச் சொல்வதே முதலில் வேண்டியது.

பதில் – தாதி, ஜூரோங்
கணக்கு சரிதான், ஐயா. ஆனால் இந்த எண் சீட்டை அளக்கிறதே தவிர ஆளை அளக்கவில்லை. விரல் மடங்காதவருக்கும் திடமானவருக்கும் கண் சொட்டுக்கு அதே 3 புள்ளிதான். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை தினம் ஒன்று என்றால் அதற்குப் புள்ளி மிகக் குறைவு. அதற்கு வேண்டிய இரத்தப் பரிசோதனையும் உணவுக் கவனமும், அளவு தவறினால் இரத்தம் கசியும் ஆபத்தும் அதில் தெரிவதில்லை. மருந்து கொடுப்பவர் இல்லப் பணிப்பெண் என்றால் அவர் எந்த மொழியில் சீட்டைப் படிக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. அப்பாவின் வலது கை நடுங்கும். கண் சொட்டை விடுவது பணிப்பெண். இரண்டையும் அந்த 19இன் கீழே எழுதி, இன்ஹேலரையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.