பதக்க விவரணையில் 'எக்சர்க்': 'அடிக்களம்' என்ற சொல்லுக்கான பரிந்துரை

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய சமயப் பதக்கங்களை அடையாளம் காண்பதற்கான நம் சொற்பட்டியலில் 'எக்சர்க்' என்பதற்குக் 'கீழ்ப்பகுதி' என்பதே போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. புனிதரின் உருவம் நிற்கும் தரையைக் காட்டக் கிடைக்கோடு ஒன்றை இட்டு, அந்தக் கோட்டுக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவே ஒதுக்கப்படும் சிறு இடத்துக்கு மட்டுமே அப்பெயர் உரியது.

17, 18ஆம் நூற்றாண்டுகளின் முட்டைவடிவப் பித்தளைப் பதக்கங்கள் பலவற்றில் 'ரோமா' என்ற ஊர்ப்பெயர் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்ந்த பதக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கையில், புனிதரின் பெயரைச் சுருக்கித் தரும் விளிம்பெழுத்து மழுங்கிப் போயிருந்தாலும், கோட்டுக்குக் கீழே இலத்தீன் 'எம்' எழுத்தின் கால்கள் தென்பட்டால் அது ரோமில் செய்யப்பட்டதாக இருக்கலாம் என்ற துப்பு கிடைத்துவிடும்.

கத்தோலிக்கர் அணியும், மரியாளின் உருவம் தாங்கிய அற்புதப் பதக்கத்தின் நிலை வேறு. மரியாள் நிற்கும் உருண்டைக்குக் கீழே வரும் '1830' பெரும்பாலும் கோடிட்டுப் பிரிக்கப்படுவதில்லை. அது பாரிஸில் கத்தரீன் லபூரே என்ற கன்னியாஸ்திரி கண்ட மரியாளின் காட்சியின் ஆண்டே தவிர, தயாரித்த ஆண்டு அன்று. முதற்பதக்கங்கள் 1832இல்தான் வெளிவந்தன. இன்று செய்யப்படுபவையும் அதே 1830ஐத் தாங்கி வருகின்றன. புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) பிறந்து 1,400 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி வெளியான, இத்தாலியின் மொந்தே கசீனோ மடத்துப் பதக்கத்தில், அவருடைய காலடியில் ரோமன் எண்ணில் உள்ள 1880உம் இத்தகையதே. இவை அனைத்தையும் 'கீழ்ப்பகுதி எழுத்து' என்று எழுதிவிட்டால், எது தயாரிப்பிடம், எது நினைவாண்டு என்று படிப்பவர் பிரித்தறிய வழியே இராது. நூறாண்டு இளைய பதக்கம் 1830ஆம் ஆண்டினதாகப் பதிவாகிவிடும்.

'அடித்துண்டு' என்ற மாற்று, உடைந்த பதக்கத்தின் சில்லையே நினைவூட்டுகிறது. உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைக் 'களம்' என்று ஏற்கெனவே வழங்குகிறோம் என்பதால் 'அடிக்களம்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். காசு ஆய்வாளர்களும் தயக்கமின்றி இதை எடுத்தாளலாம். பிரிக்கும் கோட்டுக்குத் 'தரைக்கோடு' என்பதையும் உடன் சேர்த்துக்கொண்டால், "தரைக்கோடு இல்லை, ஆண்டு களத்தின் கீழ்ப்புறத்தில் உள்ளது" என்று ஐயத்துக்கு இடமின்றி எழுத முடியும். தரைக்கோடு தேய்ந்து மறைந்த பதக்கங்களுக்கும் 'அடிக்களம்' என்பதை ஆளலாமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். கோட்டின் எச்சம் சிறிதாவது தெரிந்தால் மட்டுமே ஆளவேண்டும் என்பது என் நிலைப்பாடு.