புதுப்பிப்பு: ஒன்றாம் வகுப்பு ஆங்கில எழுத்துச் சார்ட்

ஒன்றாம் வகுப்புச் சுவருக்கு ஆங்கில எழுத்துச் சார்ட் போடுகிறேன், எந்தப் படங்கள் வைக்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். சார்ட் ஏறிவிட்டது. ஆனால் இது இரண்டாவது சார்ட்!

முதலாவதில் ஐ எழுத்துக்கு ஐஸ்கிரீம், எக்ஸுக்கு சைலஃபோன் வரைந்திருந்தேன். ஒலி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் இரண்டும் காலை வாரிவிட்டன. ஐஸ்கிரீமில் கேட்பது எழுத்தின் பெயர். பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது 'இ' ஒலி. சைலஃபோனோ இசட் ஒலியில் தொடங்குகிறது. இப்போது ஐக்கு இங்க் பாட்டிலும், எக்ஸுக்கு, சொல்லின் கடைசி எழுத்தில் மட்டும் சிவப்பு அடித்த ஃபாக்ஸும்.

'ப' என்று இழுக்காமல் 'ப்' என்று சொல்ல வைக்க, நம் புள்ளி எழுத்து நன்றாகவே உதவியது. சரி, எல்லாவற்றுக்கும் கீழே தமிழிலேயே எழுதிவிடலாம் என்று பார்த்தால், குண்டூசியும் குப்பைத்தொட்டியும் ஒரே 'பின்' ஆகிவிடுகின்றன. அதனால் தமிழ் வாயளவில் மட்டும்.

அப்புறம், 26 எழுத்தையும் வரிசையாக நடத்தவில்லை. எஸ், ஏ, டீ, பீ, ஐ, என் (s, a, t, p, i, n) முதலில். இந்த ஆறிலேயே டின் (tin), பேன் (pan) எல்லாம் படித்துவிடுகிறார்கள்.